மகளுக்காகக் கல்லூரிக் கதவைத் தட்டிய தகப்பனார்

(செந்தூலில் நடைபெற்ற பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகப் பேசியபடியே எழுதித் தரப்பட்டுள்ளது.)

 

நான் பெரிய பேச்சாளர் அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய நாள் முதல் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து வருபவள். ஆனால் செந்தூல் எனக்கு அந்நிய ஊர் அல்ல. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். என் தாத்தா பால்மரம் சீவினார். என் அப்பா தோட்டத்தை விட்டு வந்து, 1971-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும் வரை அங்கேதான் ஃபிட்டராக இருந்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

தலைமையாசிரியர் என்னிடம், "டீச்சர், பெற்றோர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று சொன்னபோது, தகப்பன்மார்களைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தேன். அம்மாவின் தியாகத்தைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். அது நியாயம்தான். ஆனால் வீட்டில் "போகலாம், போகக் கூடாது" என்ற கடைசி வார்த்தை பெரும்பாலும் அப்பாவின் வாயிலிருந்துதான் வருகிறது. அந்த ஒரு வார்த்தையால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். கற்பனையல்ல, பெயர், ஊர், ஆண்டு எல்லாம் உள்ள உண்மை வரலாறு.

சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி என்று ஒன்று உண்டு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. மிகப் பழமையான கல்விக்கூடம். அங்கே மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் பப்பு சுப்பாராவ் அவர்கள். தெலுங்கு பேசும் குடும்பம், சென்னையில் வாழ்ந்தவர்கள். அவருக்கு ஏழு பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை லலிதா. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ஆம் நாள் பிறந்தவர்.

சுப்பாராவ் படித்தவர், பிறருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவர். இருந்தாலும் அந்தக் காலத்து வழக்கப்படிதான் வீட்டை நடத்தினார். ஆண்பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பு. பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எழுத்தறிவு, பிறகு கல்யாணம். லலிதாவுக்கு 1934-இல் திருமணம் நடந்தது. வயது பதினைந்து. அப்போது இந்தியாவில் இருந்த சாரதா சட்டப்படி பெண்ணுக்குப் பதினான்கு வயது ஆகியிருந்தால் போதும். ஆகையால் சட்டத்திலும் தவறில்லை, ஊர் வழக்கத்திலும் தவறில்லை. தகப்பனார் தம் கடமையை முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்.

1937-இல் லலிதாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்து நான்கு மாதம்தான். கணவர் இறந்துவிட்டார். பதினெட்டு வயதில் கையில் கைக்குழந்தையோடு விதவை.

பெற்றோர்களே, அந்தக் காலத்தில் விதவை என்றால் என்ன நிலைமை என்று உங்கள் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்ல காரியத்தில் முன்னே நிற்கக் கூடாது. நல்ல சேலை கட்டக் கூடாது. அடுப்படியின் ஒரு மூலையில் காலம் முழுவதும் கிடக்க வேண்டும். சாப்பாடு கிடைக்கும், மதிப்புக் கிடைக்காது. பேராசிரியர் மகளாக இருந்தாலும் ஊர் அப்படித்தான் பார்க்கும்.

இங்கேதான் அந்தத் தகப்பனாரை நாம் கவனிக்க வேண்டும். "தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மகள் படிக்க வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மகளுக்கும் அதே எண்ணம். முதலில் சென்னை ராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் படித்து, முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்தது என்ன படிப்பது? அப்போதே பெண்கள் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1912-லேயே சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். ஆகவே லலிதாவும் மருத்துவம் படித்திருக்கலாம். ஆனால் அவர் ஒரு தாயாகக் கணக்குப் போட்டார். டாக்டர் வேலை என்றால் நடு ராத்திரியில் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள். குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலையாக இருந்தால் மகளோடு இருக்கலாம். அப்பாவும் பொறியாளர், அண்ணன் தம்பிகளும் பொறியாளர்கள். ஆக, நாமும் பொறியியல் படித்தால் என்ன?

என்ன என்று கேட்பது சுலபம். அன்று இந்தியாவில் எந்தப் பெண்ணும் பொறியாளராகப் பட்டம் பெற்றிருக்கவில்லை. கிண்டிக் கல்லூரியில் பெண்களுக்கு இடமே கிடையாது. இடம் கொடுக்க மாட்டோம் என்று கூட யாரும் எழுதி வைக்கவில்லை; ஒரு பெண் வந்து கேட்பாள் என்றே யாரும் நினைக்கவில்லை.

பேராசிரியர் சுப்பாராவ் தாம் வேலை பார்க்கும் கல்லூரியின் முதல்வர் கே. சி. சாக்கோ அவர்களிடம் போய் மகளுக்காகக் கேட்டார். பிறகு மாகாணக் கல்வித் துறையின் இயக்குநராக இருந்த ஸ்டாதம் என்ற ஆங்கிலேயரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். தம் மேலதிகாரிகள் முன்னால் நின்று, "என் மகளைச் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று கேட்பது லேசான காரியமா? "வயசுப் பெண்ணை, அதுவும் விதவையை, ஆம்பிளைப் பையன்கள் நடுவே உட்கார வைக்கப் போகிறாரே" என்று பின்னால் பேசுகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். நம் தோட்டத்திலும் உண்டு, செந்தூலிலும் உண்டு. அந்த வாய்களுக்குப் பயப்படாமல் அவர் போய்க் கேட்டார். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். 1940-இல் லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார்.

கல்லூரியில் நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்கள், ஒரே ஒரு பெண். அவருக்குத் தனியாக விடுதி ஏற்பாடு ஆயிற்று. குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, வார இறுதியில் போய்ப் பார்த்து வருவார். மாணவர்கள் தொல்லை எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் விடுதியில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. தனிமைதான் கஷ்டம்.

அப்பா மறுபடியும் ஒரு காரியம் செய்தார். மகளை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் பொறியியல் படிக்க வரலாம், இடம் உண்டு என்று விளம்பரம் செய்யச் சொன்னார். அதைப் பார்த்து இரண்டு பெண்கள் வந்து கட்டடப் பொறியியல் வகுப்பில் சேர்ந்தார்கள். ஒருவர் லீலம்மா ஜார்ஜ், மற்றவர் பி. கே. திரேசியா. அவர்கள் லலிதாவுக்கு ஒரு வருடம் பின்னால் வந்தவர்கள். ஆனால் உலகப் போர்க் காலமாக இருந்ததால் படிப்புக் காலம் குறைக்கப்பட்டு, மூவரும் ஒன்றாகவே தேறிவிட்டார்கள். அந்தத் திரேசியா அம்மையார் பிற்காலத்தில், 1971-இல், கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பாருங்கள், ஒரு தகப்பனார் தம் மகளுக்காகத் திறந்த கதவு வழியாக அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள்.

பிள்ளைகளே, ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். பட்டம் கொடுக்கும் நாள் வந்தது. அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் எல்லா இடத்திலும் ஆண்பாலில் "அவன்" என்ற பொருளில்தான் ஆங்கிலச் சொல் இருந்தது. பெண் ஒருத்தி வருவாள் என்று அச்சுக்கூடத்துக்கும் தெரியாது! ஆகவே அதைக் கையால் அடித்துவிட்டு, பெண்பாலில் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள்.

பட்டம் வாங்கியதும் நேராக மேசை நாற்காலி வேலை கிடைத்துவிடவில்லை. செய்முறைப் பயிற்சி வேண்டும். பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் லலிதா ஓராண்டு பயிற்சி பெற்றார். இதை வாசித்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜமால்பூர் பட்டறை 1862-இல் தொடங்கப்பட்டது. இஞ்சின்களைப் பிரித்து மாட்டும் பெரிய தொழிற்கூடம். நம் செந்தூல் பட்டறை மாதிரி.

இளம் பிள்ளைகளுக்குச் செந்தூல் பட்டறையின் பெருமை தெரியாமல் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. இரும்பை உருக்கி வார்ப்பது முதல் ரயில் பெட்டிக்குத் தச்சு வேலை செய்வது வரை எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தது. மலாயா முழுவதும் ஓடிய ரயில்கள் நோய் வந்தால் இங்கேதான் வைத்தியத்துக்கு வரும். 1945-இல், போர்க் காலத்தில், நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. அதற்குப் பிறகும் எழுந்து நின்று வேலை செய்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, பஞ்சாபி, மலாய், சீனம் என்று எல்லா மொழியும் அந்தக் கொட்டகைக்குள் கேட்கும். இன்று ரயில் பழுது பார்க்கும் வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. செந்தூலில் பழைய கட்டடங்கள்தான் மிச்சம்.

என் அப்பா வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் எண்ணெய் வாசனை அடிக்கும். அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு பட்டறையில், எண்ணெயும் இரும்புத் தூளுமாக, ஆண்களுக்கு நடுவே, ஒரு குழந்தைக்குத் தாயான இளம் விதவை நின்று வேலை பழகினார் என்றால், அவர் மனத்திடத்தை நினைத்துப் பாருங்கள். அப்படி நிற்க வைத்த தகப்பனாரின் மனத்திடத்தையும் நினைத்துப் பாருங்கள்.

அதன்பின் லலிதா சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராகச் சில காலம் வேலை பார்த்தார். பிறகு அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவியாக வந்து சேர்ந்தார். சுப்பாராவ் அவர்கள் வகுப்பறையோடு நிற்கும் ஆசிரியர் அல்ல. மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி ஒன்றைச் செய்தார். அதற்கு "ஜெலெக்ட்ரோமோனியம்" என்று பெயர். புகை இல்லாத அடுப்பு ஒன்றையும் ஆராய்ந்து செய்தார். அடுப்புப் புகையில் கண் எரிந்து நிற்பது யார்? வீட்டுப் பெண்கள். பெரிய படிப்புப் படித்த பேராசிரியருக்கு அடுப்படியும் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. தகப்பனும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார்கள்.

ஆனால் ஆராய்ச்சி வயிற்றை நிரப்பாது அல்லவா? மகளை வளர்க்கச் சம்பளம் வேண்டும். 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தில் லலிதா வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய சகோதரர் குடும்பம் அங்கே இருந்தது ஒரு வசதி. மின்சாரம் கொண்டுபோகும் கம்பித் தொடர்களை வடிவமைப்பது, துணை மின்நிலையங்களுக்குத் திட்டம் போடுவது, காப்புக் கருவிகளை அமைப்பது ஆகியவை அவர் வேலை. சட்லெஜ் ஆற்றில் 740 அடி உயரத்துக்குக் கட்டப்பட்டு 1963-இல் திறக்கப்பட்ட பக்ரா அணைத் திட்டத்தின் மின்சார வேலையிலும் அவர் பங்கு உண்டு.

பிள்ளைகளே, இது என்ன வேலை என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் செம்பனை மரங்களுக்கு மேலே பெரிய இரும்புக் கோபுரங்களில் கம்பி போவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் அவற்றில் சில 132,000 வோல்ட், சில 275,000 வோல்ட். வீட்டுக்குள் வருவது வெறும் 230 வோல்ட். ஏன் அவ்வளவு அழுத்தத்தில் அனுப்ப வேண்டும்? கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு எல்லாம் நஷ்டம். அழுத்தத்தை இருமடங்கு ஆக்கினால், அதே மின்சக்தியைப் பாதி மின்னோட்டத்தில் அனுப்பிவிடலாம். மின்னோட்டம் பாதியானால் நஷ்டம் பாதியாவதில்லை. கால் பங்காகக் குறைந்துவிடும். மூன்று மடங்கு அழுத்தம் என்றால் நஷ்டம் ஒன்பதில் ஒரு பங்குதான். கணக்குப் பாடத்தில் வர்க்கம் படிக்கிறீர்களே, அது எங்கே பயன்படும் என்று கேட்காதீர்கள். இங்கே பயன்படுகிறது!

இடி விழுந்தாலோ மரம் சாய்ந்தாலோ அந்தக் கம்பியில் அளவுக்கு மீறி மின்சாரம் பாயும். அதை ஒரு கருவி உடனே உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். வீட்டில் தண்ணீர்க் கேத்தல் கெட்டுப் போனால் "டிரிப்" ஆகிறதே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட காப்புக் கருவிகளைத்தான் லலிதா அம்மையார் திட்டமிட்டார். 1995 முதல் செந்தூல் தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பியில் கொம்யூட்டர் ரயில் ஓடுகிறதே, அதற்கும் இதே அறிவுதான் அடிப்படை.

1953-இல் லண்டன் மின்பொறியாளர் கழகம் அவரை இணை உறுப்பினராகவும் 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. 1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்குமான முதல் உலக மாநாடு நடந்தது. இந்தியாவில் அப்போது அப்படி ஒரு சங்கமே இல்லை. ஆகவே சொந்த முறையில் போய்க் கலந்துகொண்டார். அங்கே பத்திரிகைக்காரர்களிடம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் பிறந்திருந்தால் கணவரின் சிதையிலேயே தன்னையும் எரித்திருப்பார்கள் என்ற கருத்தை அவர் சொன்னாராம். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் அந்த ஒரு வார்த்தை போதும்.

மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை நன்றாகப் படிக்க வைத்து ஆளாக்கினார். 1977-இல் ஓய்வு பெற்றார். 1979-இல், அறுபதாவது வயதில், காலமானார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் என்று அவரை இன்று எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அவர் நல்ல பொறியாளர், நல்ல தாய். அவருக்குப் பின்னால் ஒரு நல்ல பொறியாளர், நல்ல தகப்பனார்.

அன்பர்களே, இந்தக் கதையை நான் ஏன் சொன்னேன்? சுப்பாராவ் தவறே செய்யாத மனிதர் என்பதற்காக அல்ல. பதினைந்து வயதில் அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொடுத்ததும் அதே தகப்பனார்தான். மகன்களுக்குக் கொடுத்த படிப்பை மகளுக்குக் கொடுக்காமல் விட்டதும் அவர்தான். ஆனால் பின்னாளில் கண் விழித்தார். விழித்த பிறகு, "ஊர் என்ன சொல்லும்" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அதுதான் அவர் பெருமை.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்காவிடம் கேட்டேன். "சொல்லு, யாருக்காவது உதவும்" என்றார்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா, அண்ணன், கடைசியில் நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா கூடத்தில் பாய் விரித்து, கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டி, காற்றாடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு வேலை செய்வார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கொண்டு வந்து கொடுப்பார்கள். அண்ணனைக் கூப்பிட்டு, "டேய், இதைப் பிடிடா" என்று திருப்புளியைக் கொடுப்பார். அண்ணனுக்குப் பந்து விளையாடப் போகத்தான் மனசு. அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு முறை அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மாவின் காற்றாடி நின்றுவிட்டது. அக்கா அதைப் பிரித்து, அறுந்த கம்பியைச் சேர்த்து, ஓட வைத்துவிட்டார். சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டு அண்ணனைத் தட்டிக் கொடுத்தார். அண்ணனும் வாங்கிக்கொண்டான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

1996-இல் அக்கா எஸ்.பி.எம். எழுதினார். கணக்கில் நல்ல தேர்ச்சி. வெளியூர் போலிடெக்னிக்கில் மின்பொறியியல் படிக்க இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அப்பா கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்தார். "பொம்பளப் பிள்ளை, அவ்வளவு தூரம், ஆஸ்டல்ல எல்லாம் வேணாம்மா. பக்கத்திலேயே ஏதாவது வேலை பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் அக்காவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அக்கா தொழிற்சாலை வேலைக்குப் போனார். பிறகு கல்யாணம் ஆயிற்று. நல்ல குடும்பம், நல்ல பிள்ளைகள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா வீட்டுக்கு இன்றைக்குப் போனாலும் ஏதாவது ஒரு மின்சாரச் சாமான் மேசையில் பிரித்துப் போட்டுக் கிடக்கும்.

பத்து ஆண்டுகள் கழித்து என் முறை வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு பயந்துகொண்டே அப்பா முன்னால் நின்றேன். அப்போது அவர் ஓய்வு பெறும் வயது. பாரத்தைக் கையில் வாங்கினார். எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை. பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "பாப்பா, உன் அக்காவுக்கு வந்த கடிதத்தை நான் மடிச்சு வச்சேன் பாரு, அது பட்டறையில நான் பண்ணின எந்தத் தப்பையும் விடப் பெரிசு. போல்ட்டுத் தப்பா மாட்டினா மறுநாள் கழட்டி மாட்டலாம். இதை எப்படிக் கழட்டுறது?" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய் இதையே அவரிடமும் சொன்னார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழி சொல்கிறோம். என் அப்பா ஐம்பத்தைந்தில் வளைந்தார். ஆகவே வளையும் என்று நான் சாட்சி சொல்கிறேன். அவர் பொறியாளர் அல்ல, ஃபிட்டர்தான். அவர் போட்ட கையெழுத்தால்தான் நான் இன்று உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லோரும் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆறாம் ஆண்டு வரையில் பெண்பிள்ளைகள்தான் பரிசு வாங்குகிறார்கள். இன்றைய பட்டியலையே பாருங்கள். ஆனால் படிவம் ஐந்து முடிந்து, வெளியூர் போக வேண்டும், தொழில்நுட்பப் படிப்பு என்று வரும்போதுதான் அந்த மடித்து வைக்கும் வேலை இன்றும் நடக்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இந்த ஆண்டு அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெயரும் தோட்டமும் சொல்ல மாட்டேன். அவள் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். "அண்ணே, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டேன். "பயமா இருக்கு டீச்சர். யோசிக்கிறேன்" என்றார். பயப்படுவது தப்பில்லை. பிள்ளை மேல் பாசம் இருப்பதால்தான் பயம் வருகிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

அவருக்கும், அவரைப் போல் இருக்கும் எல்லாத் தகப்பன்மார்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது மூன்றே மூன்று.

முதலாவது, கடிதம் வந்தால் மடிக்காதீர்கள். பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். செலவு எவ்வளவு, உதவிப் பணம் உண்டா, விடுதி எப்படி இருக்கும், கூட யார் படிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். சுப்பாராவ் தம் மகள் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. துணைக்கு ஆள் தேடினார். நீங்களும் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது, வீட்டில் ஏதாவது பழுது பார்க்கும்போது மகனை மட்டும் கூப்பிடாதீர்கள். வாசலில் நின்று பார்க்கிற பிள்ளை யார் என்று திரும்பிப் பாருங்கள். அது மகளாக இருந்தால் திருப்புளியை அவள் கையில் கொடுங்கள். மகனுக்கு அந்த வேலையில் மனசு இல்லையென்றால் அவனையும் திட்டாதீர்கள். அவனுக்கு வேறு ஏதோ ஒன்று வரும்.

மூன்றாவது, ஏற்கெனவே தவறு நடந்துவிட்ட வீடுகள் இருக்கலாம். அந்தத் தகப்பன்மார் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் அப்பா சொன்ன பிறகு அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் பேசவில்லையாம். எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டு வந்து வைத்தாராம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தம் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பழுது பார்ப்பார்கள். அவர் காலமான பிறகு அந்தப் பெட்டி அண்ணனிடம் போகவில்லை. அண்ணனே தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தார்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அப்பா அம்மா உங்களுக்காகக் கதவைத் தட்டலாம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க வேண்டியது நீங்கள்தான். லலிதாவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அப்பா. பட்டம் வாங்கியது லலிதா. இன்று பரிசு வாங்காதவர்களும் வாடிப் போக வேண்டாம். வாழ்க்கையில் பரிசளிப்பு விழா ஒரு நாள்தான், படிப்பு எல்லா நாளும் உண்டு.